நடைக்கு யார் கூலி கொடுத்தது?

போன வருஷம் ஐப்பசியில் எங்கள் வங்கிக் கிளையில் ஒரு சவால் அறிவித்தார்கள். நூறு நாள், நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். எத்தனை அடி என்பதைக் கைபேசியே எண்ணிச் சொல்லிவிடும். நடக்கிறவர் ஏதாவது ஒரு நல்ல காரியத்தைச் சொல்லலாம். அவர் முடிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று மற்றவர்கள் அந்தக் காரியத்துக்குப் பணம் ஒப்புக்கொள்வார்கள். உடம்புக்கும் நல்லது, தர்மத்துக்கும் நல்லது என்றார் மேலாளர்.

நான் கவுண்டரில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்தேழு வயசு. ரெண்டு வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி ஒன்பதரைக்குக் குறையவில்லை. நடங்க, நடங்க என்று டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். சவாலுக்குப் பெயர் கொடுத்தேன். காரியம் என்ன என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், ஒன்றரை வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறார். அவரைச் சொன்னேன். எங்கள் கிளையும் பக்கத்துக் கிளைகளும் சேர்ந்து 32 பேர், நாளுக்குப் பத்து ரூபாய் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததையும், அதிலிருந்து எனக்குள் எழுந்த சில கேள்விகளையும் தோழர்களிடம் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். உடம்பை வருத்திக்கொண்டு தர்மத்துக்குப் பணம் திரட்டுவது இப்போது பெரிய பழக்கமாகிவிட்டது. நகரங்களில் மாரத்தான் ஓடுகிறார்கள், மொட்டையடித்துக்கொள்கிறார்கள், சர்க்கரை தொடாமல் முப்பது நாள் இருக்கிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் இதில் மனசார இறங்குகிறார்கள். தலித் மாணவர்களும் இறங்குகிறார்கள். இதை நாம் எப்படிப் பார்ப்பது?

*

முதல் வாரமே விளம்பரத் தாள் ஒன்று தயாராகி வாட்ஸ்அப்பில் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த அதிகாரி ஒருவர், நல்ல பையன், ராத்திரி விழித்திருந்து செய்திருந்தார். அண்ணனின் படம். ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்துக்கொண்டிருக்கும் அந்த இடது கை பெரிதாக. மேலே கொட்டை எழுத்தில், 'வறுமையில் வாடும் தாழ்த்தப்பட்ட சகோதரருக்கு உயிர்ப்பிச்சை அளிப்போம்.'

எனக்கு எங்கெங்கோ எரிந்தது. பிச்சை யார் கேட்டது? 'தாழ்த்தப்பட்ட' என்பதை அங்கே போட வேண்டிய அவசியம் என்ன? தாழ்த்தியவன் யார் என்பதைப் போடவில்லையே? அந்தப் பையனைக் கேட்டேன். "சார், அப்படிப் போட்டாத்தான் மனசுல தைக்கும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நம்முடைய உடம்பு அவர்கள் கண்ணில் படுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: அது சாகக்கிடக்க வேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அண்ணனிடம் காட்டினேன். கோபப்படுவார், கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்தப் போட்டோவ போட்டா காசு வருமாடா?"

"வரும்ண்ணே."

"அப்ப போடு. ஆனா பிச்சைன்றத எடுத்துடு. வந்த காசு எவ்ளோ, போன காசு எவ்ளோன்னு எனக்கும் கணக்கு சொல்லணும். உங்க ஆபீசர்க்கு மட்டும் சொல்லிட்டுப் போயிடாத."

நான் கவிதை எழுதுகிறவன். கௌரவம், சுயமரியாதை என்று நிறைய எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிற மனுசன் அந்தச் சொற்களை எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். காசு வேண்டும், பிச்சை வேண்டாம், கணக்கு வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே அந்த மூன்றின் விரிவுதான்.

*

அன்றைக்கு சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பத்தாயிரம் முடிய இன்னும் மூவாயிரம் பாக்கி. களத்தில் உட்கார்ந்திருந்த எங்கம்மா கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா, இப்பிடி சும்மா நடக்கறதுக்கா காசு குடுக்கறாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு எம்மாங் குடுக்கணும் கணக்கு போடு."

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் வங்கிக் குமாஸ்தா, விளையாட்டுக்குப் போட்டாலும் கணக்கு கணக்குதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்புச் சோகை உரிக்கவும் போக நாலு மைல், வர நாலு மைல். வரும்போது தலையில் சுள்ளிக்கட்டு. வருஷத்துக்கு இருநூறு நாள் என்று வைத்தால்கூட, முப்பது வருஷத்துக்கு 48,000 மைல். என் நூறு நாள் நடை முழுசும் சேர்த்தாலே எழுநூறு கிலோமீட்டருக்குப் பக்கம்தான். அவள் நடையை யாரும் எண்ணவில்லை. எந்தக் கைபேசியும் அவளுக்குச் சபாஷ் சொல்லவில்லை. கூலி உண்டு, ஆனால் அது களை எடுத்ததற்குக் கூலி. நடைக்கு ஏது?

எங்கப்பாவின் கணக்கு இன்னும் வேறு. அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஊர்த்தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் அரை மைல். எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தெருவில் போகலாம். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏரிக்கரையச் சுத்திப் போடா, செருப்ப மாட்டிக்கினு போ" என்றிருக்கிறார். ஏரிக்கரை வழி ஒன்றரை மைல். போக ஒரு மைல், வர ஒரு மைல், தினமும் ரெண்டு மைல் அதிகம். சாதி எங்களை நடக்க வைத்த கூடுதல் தூரம் அது. இன்றைக்கு நான் சர்க்கரைக்காக நடக்கிற ஏரிக்கரை அதே ஏரிக்கரைதான். எனக்கு அது உடற்பயிற்சி. அவருக்கு அது மானம்.

செத்த பிறகும் இந்தச் சுற்றுவழி நம்மை விடுவதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்ததால், ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது.

ஆகவே முதல் கேள்வி இதுதான். தானாக ஏற்றுக்கொண்ட கஷ்டத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கோட்டாவில் வந்தவன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிய அதே வாய், ஐம்பதாவது நாள் நடையை முடித்தபோது 'இன்ஸ்பிரேஷன்' என்றது. ஏசி அறையில் உட்காரக்கூடியவன் வெயிலில் நடந்தால் அது தியாகம். வெயிலைத் தவிர வேறு இடமே இல்லாதவன் நடந்தால் அது பிழைப்பு. பசியை வேண்டுமென்றே ஏற்பவன் நோன்பாளி, பசியோடு பிறந்தவன் பஞ்சைப் பராரி. இந்த மதிப்பீடு எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்கியது என்று நான் நினைக்கவில்லை. விரதத்துக்குப் புண்ணியம், உழைப்புக்குத் தீட்டு என்று வகுத்த பார்ப்பனிய மூளைக்கு இது ரொம்பப் பழக்கமான இடம்.

நம் ஜனங்களிடமும் உடம்பைக் கொடுத்து வரம் கேட்கிற வழக்கம் உண்டு. எனக்குச் சின்ன வயசில் மஞ்சள் காமாலை வந்தபோது எங்கம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு தீ மிதித்தாள். அதில் பார்வையாளர் இல்லை, தாளில் படம் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கணக்கு இல்லை. அதைப் பகுத்தறிவு கொண்டு நான் ஏற்காமல் இருக்கலாம், கேலி செய்ய மாட்டேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் ஒரு தாய்க்குத் தன் பாதத்தைத் தவிர வேறு என்ன சொத்து இருந்தது?

*

வெளிநாட்டுக் கதைகள் ரெண்டைப் பார்ப்போம்.

கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தன்னைச் சுற்றிக் கிடந்தவர்களைப் பார்த்தான். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, செயற்கைக் காலோடு, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓட ஆரம்பித்தான். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே ஊருக்குப் பக்கத்தில் நின்றுபோனான். புற்றுநோய் நுரையீரலுக்கு வந்துவிட்டிருந்தது. 1981 ஜூனில் செத்தபோது வயசு 22.

அவன் கேட்டது என்ன தெரியுமா? கனடாவில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு டாலர். அவ்வளவுதான். அன்றைய ஜனத்தொகை ரெண்டு கோடியே நாற்பது லட்சத்துக்குப் பக்கம். அவன் சாவதற்கு முன்பே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. தங்கள் சரக்கைப் புகழ்ந்து பேசச் சொல்லி வந்த கம்பெனிகளை அவன் திருப்பி அனுப்பினான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சிகிச்சைக்கு அரசாங்கக் காப்பீடு இருந்தது. அவன் ஓடியது ஆராய்ச்சிப் பணத்துக்காக. தன் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஓட வேண்டிய நிலைமை அவனுக்கு இல்லை.

அடுத்தது இங்கிலாந்து. 2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. டாம் மூர் என்கிற பழைய ராணுவக்காரர், ரெண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தவர், தன் நூறாவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தை நூறு தடவை நடந்து கடப்பேன் என்றார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆயிரம் பவுண்டு வந்தால் போதும் என்று தொடங்கியது, 3 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்நாட்டு அரசு மருத்துவத் துறையைச் சேர்ந்த அறக்கட்டளைகளுக்குப் போனது. கிழவரின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. வரிப்பணத்தில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று 1948இல் தொடங்கிய துறை அது. அந்தத் துறைக்கு நூறு வயசுக் கிழவர் நடந்து காசு திரட்டித் தரும்படி ஏன் ஆயிற்று? அவரைக் கைதட்டிப் பாராட்டிய மந்திரிகளிடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை. கைதட்டல் சத்தத்தில் கேள்வி அமுங்கிப்போயிற்று. பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் நடத்திய தனி அறக்கட்டளையில் தவறுகள் நடந்தன என்று அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. கணக்கு கேட்ட எங்கண்ணன் எவ்வளவு தெளிவான ஆள் என்பதை இந்தச் செய்தியைப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துக்கொள்கிற சவால் ஒன்று உலகம் முழுக்க ஓடியது. நரம்பு நோய் ஆராய்ச்சிக்கு அதில் பெரும் பணம் சேர்ந்தது, நல்லதுதான். இங்கே ஹைதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி என்கிற பத்திரிகையாளர் தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்று, ஒரு வாளி அரிசியைப் பசித்தவருக்குக் கொடுங்கள் என மாற்றினார். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது வேறொரு தண்ணீர். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் இறங்கி அள்ளிக் குடித்தார்களே, அந்த ஒரு கைத் தண்ணீர். அதற்கு எவனும் பணம் ஒப்புக்கொள்ளவில்லை. அடிதான் கிடைத்தது. குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். அதுவும் உடம்பை முன்னால் வைத்த சவால்தான். அவர்கள் கேட்டது நன்கொடை இல்லை, எல்லோருக்கும் பொதுவான குளத்தில் தங்கள் பங்கு.

*

உடம்பை வருத்துவதும் நிதி திரட்டுவதும் நம் பெயரால் இந்த நாட்டில் ஏற்கனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. அதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

1932 செப்டம்பர் 20ஆம் தேதி காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார், தனி வாக்காளர் தொகுதி நமக்குக் கிடைக்கக் கூடாது என்று. நாலு நாளில் பூனா ஒப்பந்தம். அந்த மாசமே தீண்டாமை ஒழிப்புச் சங்கம் ஒன்று உருவாகி, பிறகு ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் மாறியது. 1933 மே மாசம் இன்னொரு 21 நாள் உண்ணாவிரதம். அதே வருஷம் நவம்பரிலிருந்து ஊர் ஊராக நிதி யாத்திரை. 1934 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், கையெழுத்துக்குக்கூடக் காசு வாங்கினார். யாத்திரை முடியும்போது ஏறக்குறைய எட்டு லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அன்றைக்கு அது பெரிய தொகை.

அம்பேத்கர் அந்தச் சங்கத்தை எடுத்த எடுப்பில் தூக்கி எறியவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1932 நவம்பரில் மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் ரெண்டு வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, தனி மனுசனைத் திருத்துகிற வழி: மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம், பள்ளிக்கூடம் இப்படி. இன்னொன்று, அவனைச் சுற்றியிருக்கிற சமூக நிலைமையை மாற்றுகிற வழி. சங்கத்தின் சக்தி ரெண்டாவதற்குப் போகட்டும், கிணறு, பள்ளிக்கூடம், தெரு, வண்டி எல்லாவற்றிலும் குடியுரிமைக்காகக் கிராமம் கிராமமாகப் போராடுங்கள் என்கிறார். உடற்பயிற்சிக் கூடத்தை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் என்பதைப் படித்தபோது, கையில் அடி எண்ணும் கருவியோடு ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. நீ ஒழுங்காக நட, நீ ஒழுங்காகச் சாப்பிடு, உன் சர்க்கரை உன் பொறுப்பு! உன் தெரு, உன் தண்ணீர், உன் கூலி பற்றி மட்டும் கேட்காதே.

சங்கம் அவர் சொன்ன வழியில் போகவில்லை. நிர்வாகத்தில் நம் ஆட்களுக்கு இடம் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், கடன்பட்டவன்தான் கடனைக் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவனுக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உரிமை இல்லாத கடன் எந்த ஊரில் உண்டு? நான் வங்கிக்காரன், எனக்குத் தெரிந்து இல்லை. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது பற்றி அம்பேத்கர் எழுதிய நூலில் இந்தச் சங்கத்துக்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, இதை அரசியல் தர்மம் என்றே வகைப்படுத்தினார்.

*

இவ்வளவையும் சொன்ன பிறகு, அப்படியானால் எல்லாத் தர்மத்தையும் உதறித் தள்ளு என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நண்பர் ஒருவர், நல்ல போராளி, என்னிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். "நீ நடக்கறது ஆளும் வர்க்கத்துக்குச் செய்யற சேவை. அரசாங்கத்தோட கடமைய நீ உன் தோள்ல தூக்கறே."

அவரோடு நான் பாதி உடன்படுகிறேன். மீதிப் பாதி என்னவென்று சொல்கிறேன்.

டயாலிசிஸ் நம் மாநிலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முதலமைச்சர் காப்பீட்டிலும் உண்டு. இது சும்மா வரவில்லை, கேட்டு வாங்கிய உரிமை. ஆனால் எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிற இயந்திரங்களுக்கு ஆள் நிரம்பிவிட்டது என்று அண்ணனை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி. விடிகாலை பஸ். கூடப் போகிற அண்ணிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது 2021இல் வந்த நல்ல திட்டம். திரும்பும்போது அண்ணனால் நிற்க முடியாது, தலை சுற்றும், ஆட்டோ வைத்தே ஆக வேண்டும். ஆட்டோ, ரெண்டு பேருக்கு இட்லி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 350 ரூபாய். மாசத்துக்குப் பதின்மூன்று நடை, 4,550 ரூபாய். அண்ணி அந்த மூன்று நாளும் கூலிக்குப் போக முடியாது, அது தனி. இலவச வைத்தியத்தின் விலை இது.

அண்ணன் இருபது வருஷம் கரும்பு வெட்டியவர். நோய்க்குக் காரணம் இதுதான் என்று டாக்டர்கள் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நிகரகுவாவிலும் எல் சல்வடாரிலும் கரும்பு வெட்டுகிற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டுச் செத்ததைப் பற்றி நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. கடும் வெயிலும் நீர் வற்றிய உடம்பில் செய்யும் கடும் உழைப்பும் முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் - இந்த மூன்றையும் வேலையிடத்தில் கொடுங்கள் என்று அங்கே இயக்கம் நடந்தது. நம் கரும்புக் கொல்லையில் வெட்டாளுக்கு நிழல் எங்கே? தண்ணீர்க்குடம் எத்தனை ஃபர்லாங் தள்ளி? இந்தக் கேள்வியைக் கேட்காமல் டயாலிசிஸுக்கு மட்டும் நிதி திரட்டினால், ஒரு பக்கம் ஆட்களைச் சாகடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் பாடைக்கு மூங்கில் வெட்டுகிற கதைதான்.

ஆனால் தோழரே, புரட்சி வரும்வரை வெள்ளிக்கிழமை ஆட்டோவுக்கு யார் காசு கொடுப்பது? ரத்தம் காத்திருக்காது. ரெண்டு தடவை போகாவிட்டால் மூச்சு முட்டும். இந்த இடத்தில் தத்துவச் சுத்தம் பேசுவது ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களின் சொகுசு.

*

சவால் முடிந்தது. ஒன்பது நாள் தவறவிட்டேன். மூன்று நாள் காய்ச்சல், மீதி வெறும் சோம்பேறித்தனம். சில பேர் கைபேசியைத் தொட்டிலில் போட்டு ஆட்டி அடிக்கணக்கு ஏற்றினார்கள், நான் அதைச் செய்யவில்லை. 91 நாள், 32 பேர், பத்து ரூபாய்: 29,120 ரூபாய். என் சராசரி ஒன்பதரையிலிருந்து ஏழேமுக்காலுக்கு வந்தது. அண்ணனின் பெயரைச் சொல்லிப் பெரிய லாபம் அடைந்தவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் கேட்டபடி வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிப் படித்துக் காட்டினேன். 83 நடைக்கு வரும் என்றேன். அண்ணன் விரலை மடக்கி எண்ணிவிட்டுக் கேட்டார்: "ஆறு மாசம். ஏழாவது மாசம்?"

என்னிடம் பதில் இல்லை. இன்னொரு நூறு நாள் நடக்கலாம். மறுபடியும் படம், மறுபடியும் மனசில் தைக்கும் வாசகம். இந்தத் தடவை 32 பேர் இருபதாகக் குறைவார்கள். இரக்கம் சீக்கிரம் களைத்துவிடும். அது அவர்கள் குற்றம்கூட இல்லை, இரக்கத்தின் இயல்பு அது.

அப்போதுதான் டெரி ஃபாக்ஸின் ஒரு டாலர் எனக்கு நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவரை ஞாபகப்படுத்தியது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் அதுதான். வசதியானவன் ஒருவன் தலையில் மொத்தச் சுமையையும் வைத்துவிட்டு அவன் வாசலில் நிற்பதில்லை. எல்லோரும் கொடுக்கக்கூடியதை எல்லோரிடமும் வாங்குவது. அப்படிக் கொடுத்தவன் எவனும் தர்மப்பிரபு ஆக மாட்டான், வாங்கினவன் எவனும் பிச்சைக்காரன் ஆக மாட்டான். நமக்கு இது புதிசு இல்லை. எங்கள் காலனியில் சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு வாங்கித்தான் எடுக்கிறோம். செத்தவனுக்குச் செய்வதை உயிரோடு இருப்பவனுக்குச் செய்யக் கூடாதா?

காலனியில் 240 வீடு. வீட்டுக்கு மாசம் 20 ரூபாய் என்று இரவுப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினோம். முதல் மாசம் 151 வீடு கொடுத்தது, 3,020 ரூபாய். மீதியைச் சங்கத் தோழர்களும் நானும் போட்டோம். மாசத்தின் முதல் ஞாயிறு, அம்பேத்கர் சிலைக்கு முன்னால் கணக்கு வாசிக்கப்படும். அதை வாசிக்கிறவர் அண்ணன்தான். வங்கிக்காரனான நான் வாசிப்பதைவிட அவர் வாசிப்பதில் ஜனங்களுக்கு நம்பிக்கை அதிகம்! 151 வீட்டில் எழுபது வீட்டுக்கு மேல் கரும்பு வெட்டப் போகிற வீடுகள். கணக்கு கேட்க வந்த இடத்தில் பேச்சு அண்ணனின் சிறுநீரகத்திலிருந்து கொல்லையில் தண்ணீர்க்குடம் இல்லாததற்குப் போயிற்று. அந்தப் பேச்சை வங்கி வாட்ஸ்அப் குழு ஒருநாளும் பேசியிருக்காது.

கூட்டத்தில் மனுவும் எழுதப்பட்டது. தாலுகா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்குக் கூடுதலாக ஒரு ஷிஃப்ட், அதற்கு ஆள். ரெண்டு தடவை கொடுத்தாயிற்று, பதில் இல்லை. மூன்றாவது தடவை சும்மா போக மாட்டோம்.

உரிமை என்று ஒன்று சட்டத்தில் ஏறிவிட்டால் தொகையே வேறு மாதிரி ஆகும் என்பதற்குச் சாட்சி நம் கண் முன்னால் இருக்கிறது. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 1993இலிருந்து கணக்கெடுத்துத் தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதற்குப் பின்னால் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களின் பல வருஷப் போராட்டம் இருக்கிறது. அவர்கள் 2015 டிசம்பரிலிருந்து 125 நாள் நாட்டைச் சுற்றி வந்து 2016 ஏப்ரலில் டெல்லியில் முடித்தார்களே பீம் யாத்திரை, அதில் உண்டியல் ஏந்தவில்லை. எங்களைக் கொல்வதை நிறுத்து என்று மட்டும்தான் கேட்டார்கள். பணம் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் அது கடன்பாக்கி, வரவேண்டிய தொகை. யாருடைய மனசிலும் தைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

*

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடுங்கள், நடங்கள், சைக்கிள் மிதியுங்கள். நம் உடம்பு நமக்கு வேண்டும். அம்பேத்கரே கடைசி வருஷங்களில் சர்க்கரையோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் எழுதினார். நம் தலைமுறை அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகக் கூடாது. நல்ல காரியத்துக்குப் பணமும் திரட்டுங்கள். ஆனால் மூன்றைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். யாருக்காகத் திரட்டுகிறோமோ அவர் கையில் கணக்கு இருக்கிறதா? அவர் படத்துக்குப் பக்கத்தில் போடும் சொல்லை அவர் படித்துப் பார்த்தாரா? இந்தப் பணம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை, பணத்தோடு சேர்த்து, கேட்க வேண்டியவனிடம் கேட்டோமா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் உடற்பயிற்சி.

நான் இப்போதும் நடக்கிறேன். யாரும் எண்ணுவதில்லை. ஏரிக்கரையில் எங்கம்மா சில நாள் கூட வருகிறாள். முட்டி வலி, மெதுவாகத்தான் வருவாள். போன வாரம் ஊர்த்தெருவுக்குத் திரும்புகிற முக்கில் நின்றுவிட்டாள். "இப்பிடியே போயிடலாம்டா, கிட்டக்க" என்றாள். செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் அந்தத் தெரு வழியாக வந்தோம். திண்ணையில் இருந்த ரெண்டு பேர் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நிமிஷத்தில் வீடு வந்துவிட்டது.

அடுத்த கணக்கு வாசிப்பு வருகிற மாதம் முதல் ஞாயிறு. பக்கத்து ஊர்த் தோழர்கள் வந்தால் அண்ணன் சந்தோஷப்படுவார். வருகிறவர்கள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எத்தனை இயந்திரம், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது மனுவோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோவோம்.